தொண்டிப் பொருள்: லென்ஸ் ஒன்று

சங்கரேஸ்வரிக்குக் கல்யாணமாகி முப்பது வருடங்கள் ஆகின்றன. இந்த முப்பது வருடத்தில், வீட்டில் உள்ள நாலு பேரும் ஒன்றாக நிற்கிற போட்டோ ஒன்றுகூட அவளிடம் கிடையாது. நாலே நாலு பேர்தான். அவள், அவள் புருஷன் மாரிராஜ், பட்டாளத்தில் இருக்கிற மகன் விஜய்பாண்டி, தென்காசியில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிற மகள் முத்துச்செல்வி. ஆனால் மாரிராஜ் போலீஸ்காரர். மகனுக்குக் காது குத்தின அன்றைக்குத் தேர்தல் பந்தோபஸ்து. மகள் சடங்கான அன்றைக்குத் தேர்த்திருவிழா பந்தோபஸ்து. ஆல்பத்தைப் புரட்டினால் இந்தக் குடும்பத்துக்குத் தகப்பன் என்று ஒருவர் இருந்ததற்குத் தடயமே இல்லை. கைதேர்ந்த திருடன்கூட இவ்வளவு சுத்தமாகத் தடயத்தை அழித்திருக்க மாட்டான்.

ரிட்டயர் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள். போன மார்கழியில் அவர் ரிட்டயர் ஆனார். அப்போதுதான் சங்கரேஸ்வரியின் நாக்கில் சனி உட்கார்ந்தது. பொங்கல் லீவுக்கு வந்திருந்த மகனிடம், "அப்பாவுக்குப் பொழுதே போகல, ஒரு கேமரா வாங்கிக் குடுலே, நம்மளயாவது ஒரு போட்டோ எடுப்பாவ" என்று சொல்லித் தொலைத்தாள். போட்டோ எடுக்கிற ஆள் போட்டோவுக்குள் இருக்க மாட்டான் என்கிற சின்ன விஷயம் அந்த நேரத்தில் அவள் புத்தியில் உறைக்கவில்லை.

பிள்ளை தங்கமான பிள்ளை. கேமராவோடு, சொம்பு கனத்துக்கு ஒரு லென்ஸும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். கேமராவைவிட லென்ஸ் மூன்று மடங்கு விலை என்று வாய் தவறி அவன் சொன்னதுதான் தாமதம், மாரிராஜ் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். போலீஸ் என்றதும் துப்பாக்கி, துரத்தல் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மாரிராஜ் ஸ்டேஷன் ரைட்டர். பத்தொன்பது வருடம் தொண்டிப் பொருள்களைக் காத்தவர். திருட்டுச் சங்கிலி, வெட்டரிவாள், சாராயக் கேன் என்று எது பிடிபட்டு வந்தாலும் அதைத் துணியில் பொதிந்து, சணல் கட்டி, அரக்கு வைத்து, சீட்டு எழுதி அறைக்குள் வைத்துப் பூட்டுவார். உரியவர் கோர்ட்டு உத்தரவோடு வந்து கேட்கிற அன்று, வைத்தது வைத்தபடி எடுத்துக் கொடுப்பார். ஒருமுறை திருட்டு ஆடு ஒன்று வந்தது. அதற்கு மட்டும்தான் அரக்கு வைக்கவில்லை, அதுவும் ஆடு ஒத்துக்கொள்ளாததால்.

லென்ஸ் ஆடு மாதிரி முரண்டு பிடிக்கவில்லை. முன்னால் ஒரு பில்டர் கண்ணாடி, அதற்கு மேல் மூடி, பின்னால் ஒரு மூடி. மஞ்சள் துணி. முத்துச்செல்வியின் கடையில் காலி மாத்திரை டப்பாக்களிலிருந்து பொறுக்கின, ஈரத்தை உறிஞ்சுகிற சின்னச் சின்னப் பொட்டலங்கள் ஒரு கைப்பிடி. பாலிதீன் பை. அதற்கும் மேல் வெள்ளைக் காடாத் துணி, சணல், மெழுகுவர்த்தியில் உருக்கின சிவப்பு அரக்கு. அரசாங்க முத்திரையை ஒப்படைத்துவிட்டபடியால் ஒரு ரூபாய்க் காசின் சிங்க முகத்தை அரக்கில் அழுத்தினார். கடைசியில் சீட்டு. பொருள், தேதி, உரிமையாளர், இரண்டு சாட்சிகளின் கையெழுத்து.

சாட்சி வேறு யார்? அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள்தான். சங்கரேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என்ன ஏது என்று படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். இன்னொரு சாட்சி முத்துச்செல்வி. அவளும் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கிறுக்கிவிட்டுப் போனாள்.

ஆறு மாதத்தில் அந்தக் கட்டு ஒரே ஒரு தடவை அவிழ்ந்தது. மாசி மாதம், எதிர்வீட்டுத் தென்னையில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. அரக்கை உடைத்து, சணலை அவிழ்த்து, பொட்டலங்களை எண்ணி எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் காக்கா சுரண்டைப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது. திரும்பவும் கட்டி அரக்கு வைத்தார். பங்குனியில் வெயில், கண்ணாடி சூடு தாங்காது. சித்திரையில் புழுதி. ஆனியில் காற்று, மண்ணை அள்ளி வீசும். அப்புறம் சாரல், கேட்கவே வேண்டாம். வெளியில் படம் எடுப்பதற்கென்றே செய்த ஒரு லென்ஸுக்கு, வெளியே போக ஒத்துவருகிற நாள் பஞ்சாங்கத்திலேயே இல்லை.

மகன் வாராவாரம் எல்லையிலிருந்து போன் பண்ணுவான். "எப்பா, ஏதும் போட்டோ எடுத்தியளா?"

"பத்திரமா இருக்குலே" என்பார் மாரிராஜ்.

கேட்டது என்ன, பதில் என்ன! நாய் பெற்ற தெங்கம்பழம், தானும் தின்னாது, அடுத்தவனுக்கும் விடாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். சங்கரேஸ்வரி இதை வாய்விட்டே சொன்னாள், அதுவும் அவர் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து. அவர் ரசம் கேட்டார்.

ஆடி பிறந்ததும் விஜய்பாண்டி இருபது நாள் லீவில் வந்தான். பத்தொன்பது நாளும் குலதெய்வம் கோயில், மச்சான் வீடு, மாமன் வீடு என்று ஓடிப் போயிற்று. செல்போனில் போட்டோக்களுக்குக் குறைவில்லை. எல்லாவற்றிலும் மூன்று பேர். "நீங்க நில்லுங்க, நான் பொறவு லென்ஸ்ல எடுக்கேன்" என்று நாலாமவர் ஒதுங்கிக்கொண்டார். இருபதாவது நாள் சாயங்கால ரயிலுக்கு டிக்கெட். அடுத்த லீவு எப்போது என்று அவனுக்கே தெரியாது. போகிற இடம் எப்படிப்பட்ட இடம் என்று அவன் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. கேட்டால் தூக்கம் போய்விடும்.

அன்று காலையில் அவள் இட்லிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "இன்னைக்கு ஐந்தருவிக்குப் போறோம். அங்கன வச்சு நாலு பேரும் நிக்க மாதிரி ஒரு போட்டோ. இல்லைன்னா இந்த வீட்டு அடுப்புல இனிமே பூனைதான் படுக்கும்."

மாரிராஜ் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். "சாரல் அடிக்குதே."

"சாரல் இல்லாம ஐந்தருவிக்கு எதுக்குப் போகணும்? உங்க பீரோவுக்குள்ளேயா அருவி விழுது?"

மகன் சிரித்துவிட்டான். அவருக்கு வேறு வழியில்லை. உடனே ஒரு தாளை எடுத்து பந்தோபஸ்துத் திட்டம் எழுத ஆரம்பித்தார். முத்துச்செல்வி பெரிய குடை. விஜய்பாண்டி சின்னக் குடை. சங்கரேஸ்வரி துண்டு, உபரித் துண்டு. குரங்கு வந்தால் விரட்டுவது யார், எண்ணெய் தேய்த்துக்கொண்டு உடம்பெல்லாம் வழிகிறவன் எவனாவது பக்கத்தில் வந்தால் தடுப்பது யார், எல்லாம் அதில் இருந்தது. போட்டோவில் யார் எங்கே நிற்பது என்பது மட்டும் இல்லை.

வாடகைக் காரில் முன் சீட்டு லென்ஸுக்கு. பெல்ட் போட்டு உட்கார்ந்து வந்தது. டிரைவருக்கு அது என்னவோ அஸ்திக் கலயம் என்று தோன்றியிருக்க வேண்டும், பாட்டைக்கூட நிறுத்திவிட்டான். பெற்றவளும் பிள்ளைகளும் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு, அவர்களுக்கு நடுவில் முழங்காலை மடக்கிக்கொண்டு மாரிராஜ். "செத்துப் போன பொறவாவது என்னை இப்படிக் கொண்டு போவீயளா?" என்று கேட்டாள் சங்கரேஸ்வரி. அவர் கண் முன் சீட்டில் இருந்தது.

ஐந்தருவியில் நல்ல தண்ணீர். இரைச்சலில் பக்கத்தில் பேசுவது கேட்காது. ரம்புட்டான் கடைகளைத் தாண்டி, எண்ணெய் மணத்தைத் தாண்டி, அருவி முழுசாகத் தெரிகிற ஒரு கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றார்கள். சாரல் பூவாகத்தான் விழுந்தது. செல்போன்கள் நனையும் என்று எல்லாவற்றையும் காரிலேயே பூட்டச் சொல்லியிருந்தார் மாரிராஜ்.

"ம், மூணு பேரும் நில்லுங்க" என்றார்.

"மூணு பேரா?" சங்கரேஸ்வரி இடுப்பில் கை வைத்தாள். "காலையில நான் என்ன சொன்னேன்?"

"நானும் நின்னா எடுக்கது யாரு?"

"யார்ட்டயாவது குடுத்து எடுக்கச் சொல்லணும். ஊரு உலகமெல்லாம் அப்படித்தான் செய்யுது."

"வேத்தாள் கையில குடுக்கவா?" அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். மகளை வேற்று ஊருக்குக் கட்டிக் கொடுக்கச் சொன்னால்கூட அப்படிப் போகாது. "கீழ போட்டுட்டாம்னா? எண்ணெக் கையோட தொட்டுட்டாம்னா? யாரு பொறுப்பு?"

"அப்ப முப்பது வருசமா நான் கேட்டது?"

அவர் துணிக் கட்டை வெளியே எடுத்தார். உடனே இரண்டு குடையும் அதன் மேல் விரிந்தன. சங்கரேஸ்வரியின் தலையில் சாரல் இறங்கியது. கோபத்தில் அவளுக்கு அது தெரியவே இல்லை. ஆனால் கட்டு இன்னும் அவிழவில்லை. மாரிராஜ் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன தேடுதீய?"

"சாட்சி வேணும்லா. வீட்டுல கட்டினதுக்கு நீங்க சரி. பொது இடத்துல பிரிக்கதுக்குக் குடும்பத்தாளு சாட்சி செல்லாது. வெளியாளு ரெண்டு பேரு."

"எம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் முத்துச்செல்வி. ஒரு கையில் குடை இருந்ததால் மற்றக் கையால்தான் அடித்துக்கொள்ள முடிந்தது.

ரம்புட்டான் விற்கிற மாரித்தாயை முதல் சாட்சியாகப் பிடித்தார். "கோர்ட்டுக்கெல்லாம் வர மாட்டேன் அண்ணாச்சி, சீசன்ல சோலி கெடக்கு" என்று சொல்லிக்கொண்டேதான் வந்தாள். இரண்டாவது சாட்சியாக வந்தவன் முகம்மது சலீம். சீசன் முழுக்க அருவியோரம் போட்டோ எடுத்து, தோள் பையில் இருக்கிற குட்டி மெஷினில் அங்கேயே பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறவன். செல்போன் நனைந்துவிடும் என்று பயப்படுகிற அத்தனை பேரும் அவன் வாடிக்கையாளர்கள். ஆகவே அவனுக்குக் குறையொன்றும் இல்லை. அவன் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்து மாரிராஜ் கண்ணை மூடிக்கொண்டார். பெண்கள் குளிக்கும்போது தலைக்குப் போடுகிற, நீலப்பூ போட்ட பிளாஸ்டிக் தொப்பி ஒன்றை அதற்கு மாட்டி, மூக்குக்கு ஓட்டை போட்டு விட்டிருந்தான். லென்ஸ் கீழ்நோக்கித் தொங்கியது. படம் எடுக்கும்போது மட்டும் நிமிர்த்துவான், எடுத்ததும் சட்டைக்குள்ளிருந்து ஒரு பழைய வேட்டித் துண்டை உருவி ஒற்றிவிட்டு மறுபடி தொங்கப் போடுவான்.

"இவ்வளவுதானாய்யா பாதுகாப்பு?" என்றார் மாரிராஜ்.

"பதிமூணு வருசமா இதான் அண்ணாச்சி. எங்கன கையெழுத்துப் போடணும்?"

"மொதல்ல சீட்ட வாசிச்சுப் பாரு. வாசிக்காம கையெழுத்துப் போடக் கூடாது." இதைச் சொல்லும்போது அவர் சங்கரேஸ்வரியைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

சலீம் சத்தமாக வாசித்தான். "பொருள், லென்ஸ் ஒன்று. நிலை, நல்ல நிலை. வைத்திருப்பவர், மாரிராஜ். உரிமையாளர், விஜய்பாண்டி, ராணுவம்."

"எப்பா, அது உங்களுக்குல்லா நான் வாங்கிக் குடுத்தேன்?" என்றான் விஜய்பாண்டி.

மாரிராஜ் சணல் முடிச்சைப் பார்த்தபடியே சொன்னார். "உரியவன் நேர்ல வந்து வாங்கிக்கிடணும்லே. அதுதான் முறை. உரியவன் வாரது வரைக்கும் பொருள் பத்திரமா இருக்கணும். பொருள் பத்திரமா இருந்தா, ஆளு வந்துதான ஆகணும்."

பையன் அந்தப் பக்கம் திரும்பி அருவியைப் பார்த்தான். இந்த ஆறு மாதமாகத் தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டது எதற்கு என்று சங்கரேஸ்வரிக்கு அப்போதுதான் தெரிந்தது. மனுஷன் இதை வாயால் ஒருநாள் சொல்லியிருந்தால் என்ன கேடு? அரக்கு வைத்துத்தான் சொல்ல வேண்டுமா?

அரக்கு உடைந்தது. சணல் அவிழ்ந்தது. பொட்டலங்கள் எண்ணி எடுக்கப்பட்டன. லென்ஸைக் கேமராவில் மாட்டி, கண்ணில் வைத்துப் பார்த்தார் மாரிராஜ். முகம் சுருங்கியது. மூடியைக் கழற்றினோமா என்று பார்த்தார், கழற்றியிருந்தது. துண்டால் துடைத்தார். மறுபடி பார்த்தார். பில்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உபரித் துண்டால் துடைத்தார். "காருக்குள்ள ஏசி போட்டதுல ஆவி படிஞ்சிருக்கும், செத்த நேரத்துல தெளிஞ்சிரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தெளியவில்லை.

"இங்கன தாங்க அண்ணாச்சி" என்று கையை வேட்டித் துண்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினான் சலீம். வேற்றாள் கை பட்டதை மாரிராஜ் அப்போது கவனித்ததாகவே தெரியவில்லை. சலீம் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தான்.

"பூசணம் அண்ணாச்சி. கண்ணாடிக்கு உள்ள."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். திறக்காத ஊறுகாய் ஜாடிக்குள் படிகிற மாதிரி, வெள்ளை வெள்ளையாக நூல் நூலாக உள்ளே படர்ந்திருந்தது.

"தண்ணியே படலையே!" என்றார் மாரிராஜ். "ஒரு சொட்டுத் தண்ணி படலையே! மாத்திரை டப்பாப் பொட்டலம் எல்லாம் போட்டுத்தான வச்சேன்?"

"அந்தப் பொட்டலம் மாத்திரை டப்பாவிலேயே ஈரத்தைக் குடிச்சு செத்துப் போயிருக்கும். இது நம்மூரு சாரல், அண்ணாச்சி. துணியில ஏறும், பீரோவுல ஏறும். இருட்டுல காத்தில்லாமப் பூட்டி வச்சா இதான் கதி. நனைஞ்சா தொடச்சுக்கிடலாம். பூட்டி வச்சதத் தொடைக்க முடியாது. அப்பப்ப வெளிய எடுக்கணும், வெளிச்சம் படணும், சோலி பாக்கணும். திருநெல்வேலியில ஒருத்தரு கழத்தி சுத்தம் பண்ணுவாரு, நம்பர் தாரேன். ஓரளவுக்கு வரும்."

மாரிராஜ் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். கீழே சீட்டு ஈரத்தில் கிடந்தது. நல்ல நிலை என்று அவர் கையால் எழுதியதில் மை கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. "என் காவல்ல ஒரு பொருள்கூடக் கெட்டது இல்ல" என்றார். "பத்தொம்பது வருசம். உரியவன் வந்து நிக்கும்போது இப்படிக் குடுக்க வேண்டியதாயிட்டே."

ஆறு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு சங்கரேஸ்வரியிடம் ஒரு மூட்டை இருந்தது. அவிழ்த்துக் கொட்ட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் அவர் உட்கார்ந்திருந்த தினுசைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்றுமே வரவில்லை. பாவம், மனுஷனுக்குத் தெரிந்த பாசம் அவ்வளவுதான். கிட்டே போய் அவர் சட்டைத் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரிங்க. இப்பம் காவல் காக்கதுக்கு ஒண்ணும் இல்லல்லா? வந்து நில்லுங்க."

"எங்கன?"

"போட்டோவுல."

அவருக்கு எப்படி நிற்பதென்று தெரியவில்லை. முதலில் ஓரமாகப் போய், கூட்டத்தைப் பார்த்தபடி, காலை அகட்டி நின்றார். "அண்ணாச்சி, நீங்க இவுகளுக்குக் காவலுக்கு வந்த ஆளு மாதிரி இருக்கீய" என்றான் சலீம். விஜய்பாண்டி அவரைப் பிடித்து நடுவில் தள்ளினான். உடனே அட்டென்ஷனில் விறைத்தார். பட்டாளத்துக்காரன் நான்தானேப்பா என்று மகன் அவர் தோளில் கை போட்டான். முத்துச்செல்வி மறுபக்கம் ஒட்டிக்கொண்டாள். மாரித்தாய் தன் கடையிலிருந்து, "சிரிங்க அண்ணாச்சி, ரம்புட்டான் ஓசி!" என்று கத்தினாள். சலீம் நீலப்பூத் தொப்பியோடு கேமராவை நிமிர்த்தினான்.

பிரிண்ட் கையில் வந்த பிறகுதான் சங்கரேஸ்வரி அதைப் பார்த்தாள். லென்ஸுக்குப் பிடித்த பெரிய குடையை மாரிராஜ் கையில் வாங்கி வைத்திருந்தார். லென்ஸ் இல்லாததால் அந்தக் கைக்கு வேலை இல்லை, பழக்க தோஷத்தில் அது பக்கத்தில் இருந்தவள் தலைக்கு மேல் போய் நின்றிருந்தது. அவர் பாதி நனைந்திருந்தார். அவள் ஏற்கெனவே முழுசாக நனைந்து முடித்தவள். நனைந்த பிறகு குடை! ஆனாலும் படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பிரதி வாங்கினாள். ஒன்று மகன் பர்ஸில் வைக்க, ஒன்று வீட்டுக்கு.

சாயங்காலம் அவனை ரயிலேற்றிவிட்டு வந்து, படத்தை டி.வி. மேல் சாய்த்து வைத்தாள். மறுநாள் காலையில் காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்தால் படம் இல்லை. டி.வி.க்குப் பின்னால் பார்த்தாள், மெத்தைக்கு அடியில் பார்த்தாள், முத்துச்செல்வியைத் திட்டினாள். அப்புறம் மூக்கில் அரக்கு வாசம் அடித்தது.

பீரோவைத் திறந்தாள். மேல் தட்டில் வெள்ளைக் காடாத் துணி, சணல், சிங்க முகம். வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இந்த மனுஷனுக்கு என்ன கோட்டியா பிடித்திருக்கிறது? அருவியில் பட்டது போதாதா? பிடுங்கி எடுத்துக்கொண்டு நடு வீட்டுக்கு வந்தவள், இந்தத் தடவை படிக்காமல் விடுவதில்லை என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பொருள், போட்டோ ஒன்று. கைப்பற்றிய இடம், ஐந்தருவி. நபர்கள், நான்கு. உரிமையாளர், மாரிராஜ்.

இரண்டாம் தடவையும் படித்தாள். இத்தனை வருடத்தில் ஆயிரம் சீட்டு எழுதியிருப்பார். வைத்திருப்பவர் என்கிற இடத்தைத் தவிர வேறு எங்கேயும் அவர் தன் பெயரை எழுதியிருக்க மாட்டார். கண்ணாடி மங்கியது. கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அரிவாள்மனையைக் காலால் இழுத்துப் போட்டு, சணலை அறுத்தாள்.

சத்தம் கேட்டுக் குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு, தலையில் நுரையோடு எட்டிப் பார்த்தார் மாரிராஜ். "ஏ சங்கரி! அரக்கை உடைக்கதுக்கு உத்தரவு வேணும்."

"நான்தான் போட்டேன் உத்தரவு." வாசலுக்கு நேர் எதிரே, காலை வெயில் விழுகிற சுவரில், பழைய காலண்டரைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த ஆணியில் படத்தை மாட்டினாள். "வெயில் படட்டும். புழுதி படட்டும். நான் தெனமும் தொடைச்சுக்கிடுதேன். உரியவரு நேர்ல வந்து வாங்கிக்கிடுங்க."

அவர் நுரை சொட்டச் சொட்ட வந்து படத்தின் முன்னால் நின்றார். பிறகு, கண்ணில் இறங்கின நுரையை வழித்துவிட்டு, "சாட்சி யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள் சங்கரேஸ்வரி. "முப்பது வருசமா."